மடியில் வைத்த கீபோர்டு

அலையோசையைத் தன் குரலால் அடக்கி இந்த அவையை நடத்திச் செல்லும் தலைவர் ஐயா ஆத்மநாதன் அவர்களே! படகு கட்டிய கையோடு பந்தலுக்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஏலக்கூடத்தில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் என் தாய்மார்களே! இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! ஜெகதாப்பட்டினம் மீனவர் சங்கச் செயலாளர் ஜெரால்டு உங்கள் அனைவரையும் கரம் குவித்து வணங்குகிறேன்.

சங்கத்தின் கணினி அறையை இன்று திறந்திருக்கிறோம். அறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என் தவற்றைப் பற்றிப் பேசப்போகிறேன். தலைவர் மணியடித்தாலும் நிறுத்தமாட்டேன்!

போன தை மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் கரையிலிருந்து போன ஒரு விசைப்படகு எல்லை தாண்டியதென்று பிடிபட்டது. ஏழு பேர். ஏழு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. காலை பதினொரு மணிக்கு அதிகாரி ஒருவர் போன் செய்தார். "ஏழு பேருடைய பெயர், ஆதார் எண், முகவரி, படகின் பதிவு எண் எல்லாவற்றையும் மனுவோடு தட்டச்சு செய்து நாலு மணிக்குள் மெயிலில் அனுப்புங்கள். நாலு மணிக்குப் பட்டியல் சென்னைக்குப் போய்விடும்" என்றார்.

நாலு மணி! கடலில் ஐந்து மணி நேரம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். கரையில் அது என்ன என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். தட்டச்சு செய்யும் அருண்குமார் திருச்சிக்குப் போயிருந்தார். ஞாயிறு என்பதால் டைப்பிங் கடைகளெல்லாம் பூட்டு. எனக்கோ கணினியை ஆன் செய்யத் தெரியும். ஆஃப் செய்யத் தெரியாது. சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் என் கட்சி!

அப்போதுதான் அலுவலக வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பெயர் சுடர்விழி. பி.காம் படித்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்கூட்டர் விபத்தில் அவருடைய இடது கை உணர்விழந்து போனது. அதற்குப் பிறகு எந்த அலுவலகமும் அவரை உள்ளே அழைக்கவில்லை.

"அண்ணே, நான் அடிச்சுத் தாரேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன்? சொல்லவே நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். "ஒத்தக் கையால என்னம்மா செய்வ? ஏழு குடும்பத்து விஷயம்மா இது" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆனால் கால் பின்வாங்கவில்லை. "எனக்கு எரக்கம் வேணாம்ணே. ஒக்கார எடம் மட்டும் கொடுங்க" என்றார்.

எங்கள் மேசையோ இரும்பு மேசை, நெஞ்சளவு உயரம். அதன்மேல் கிடந்ததோ முழம் நீளக் கீபோர்டு. ஒற்றைக் கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி நாலு வரி அடிப்பதற்குள் அவருடைய தோள் துவண்டது. பார்த்தீர்களா என்பதுபோல் நான் சுற்றி நின்ற ஏழு வீட்டாரையும் பார்த்தேன். அந்தப் பார்வையும் என் பாவக் கணக்கில்தான் சேரும்.

சுடர்விழி தன் பையைத் திறந்தார். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவே இருக்கும் ஒரு சின்னக் கீபோர்டு! ஒயர் இல்லை, வால் இல்லை. அதோடு நகத்தளவில் ஒரு ரிசீவர். "இதைக் கம்ப்யூட்டர்ல சொருகுங்கண்ணே" என்றார். சொருகினேன். "நம்பர் கட்டையைக் காணோமே, பாதிப் பலகைதான் வாங்குனியா?" என்று கேலியும் செய்தேன். "நம்பர் மேல் வரிசையில இருக்குண்ணே. எல்லாம் என் விரலுக்கு எட்டும். அதுக்குத்தான் இது" என்றார்.

நாற்காலியைத் தள்ளிப் போட்டார். கீபோர்டை மடியில் வைத்தார். ஐந்தே விரல்கள்! அவை நடந்தன, ஓடின, பறந்தன! பெரிய பலகையில் தவித்த அதே கை, சின்னப் பலகையில் சிறகு முளைத்ததுபோல் ஆனது. பெயர்கள் திரையில் ஏறின. மனு வளர்ந்தது.

மணி மூன்றேகால். பிடிபட்ட ஏழு பேரில் ஒருவரான ராக்கனின் மனைவி முனியாயி, சுடர்விழியின் பின்னால் நின்று வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு குரல்.

"தங்கச்சி, நில்லு! இது யாரு ராகன்? எங்க வீட்டுக்காரரு பேரு ராக்கன்!"

ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தது. ஓர் ஒற்றுதானே என்று நினைக்கிறீர்களா? ஆதாரில் ராக்கன், மனுவில் ராகன் என்றால் அங்கே பட்டியலைச் சரிபார்ப்பவனுக்கு இவன் வேறு, அவன் வேறு! புள்ளி வைத்த ஓர் எழுத்து, ஒரு மனிதனைப் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிடும். முனியாயி அழவில்லை. சுடர்விழியின் தோளை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டார்.

மேலே பார்த்தால் இன்னும் இரண்டு பெயர்களிலும் எழுத்துகளைக் காணவில்லை. நான் மறுபடியும் என் புத்தியைக் காட்டினேன். "கை தடுமாறுதும்மா. விட்ரு, வேற வழி பாப்போம்."

சுடர்விழி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கண்ணில் தெளிவு இருந்தது.

"கை தடுமாறலண்ணே. நான் அடிக்கிறது கம்ப்யூட்டருக்கு முழுசாப் போய்ச் சேரல. ரிசீவரை எங்கிட்டு சொருகுனீங்க?"

எங்கே சொருகியிருந்தேன்? மேசைக்கு அடியில், இரும்புத் தட்டிக்குள், கணினிப் பெட்டியின் முதுகுப் பக்கத்தில்! இரும்பைத் தாண்டி சிக்னல் சரியாக வரவில்லை. அவர் அனுப்பிய எழுத்தை நான் வைத்த இடம் விழுங்கிக்கொண்டிருந்தது.

அவையோரே! குறை என்று ஒரு கையைச் சுட்டினேனே, குறை எந்தக் கையில் இருந்தது? ஒன்றும் செய்யமுடியாத கையிலா? இரண்டு கையும் நலமாக இருந்து, இடம் தெரியாமல் சொருகிய இந்தக் கையிலா? (நன்றி, கைதட்டல் எனக்கு வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்கிறாரே அவருக்குத் தட்டுங்கள்.)

வெள்ளை வேட்டியோடு மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். ரிசீவரைப் பிடுங்கி, பெட்டியின் முன்பக்கத்தில் சொருகினேன். தலையில் ஒட்டடை, மூக்கில் தூசி. "இப்ப அடிம்மா" என்றேன். அடித்தார். ஓர் எழுத்தும் தவறவில்லை.

அப்புறமும் அவர் அவசரப்படவில்லை. "ஒவ்வொரு வீட்டாரும் வந்து உங்க பேரை நீங்களே வாசிங்க" என்றார். ஏழு குடும்பமும் வரிசையில் வந்து வாசித்தது. "ரா-க்-கன்" என்று எழுத்தெழுத்தாக வாசித்த பிறகுதான் முனியாயிக்கு மூச்சு வந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு மெயில் போனது. நாலு மணிக்கு முன்பே பதில் வந்தது: "ஏழு பெயர்களும் பட்டியலில் சேர்க்கப்பட்டன."

இருபத்து மூன்றாம் நாள் ஏழு பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஒரு மனுவால் மட்டுமே வந்தார்கள் என்று மேடைக்காகப் பொய் சொல்லமாட்டேன். பலர் பாடுபட்டார்கள், பல கதவுகள் தட்டப்பட்டன. ஆனால் ஏழு பெயரும் பிழையின்றிப் போய்ச் சேர்ந்ததே, அது ஐந்து விரல்கள் செய்த வேலை!

மறுநாள் சுடர்விழியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு இருக்கட்டும்ணே. வேல இருக்கா?" என்றார். இருக்கிறது தங்கையே, இன்று முதல் இருக்கிறது! இந்தச் சங்கத்தின் கணினிப் பொறுப்பாளர் சுடர்விழிதான். இங்கே மேசை தாழ்வாகப் போடப்பட்டிருக்கிறது. ரிசீவருக்குத் திரைக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறோம். பெரிய கீபோர்டும் உண்டு, சின்னதும் உண்டு. யாருக்கு எது எட்டுமோ அது.

என் மக்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒருவரால் முடியுமா என்று கேட்பதற்கு முன், அவருக்கு எட்டும் இடத்தில் வேலையை வைத்தோமா என்று நாம் கேட்டிருக்கிறோமா? எத்தனை வீட்டில் எத்தனை திறமை, மேசை உயரம் என்பதால் மூலையில் கிடக்கிறது! எத்தனை அறிவு, பலகை நீளம் என்பதால் பாயில் படுத்திருக்கிறது! உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் திங்கட்கிழமை பத்து மணிக்கு அழைத்து வாருங்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சுடர்விழி இருக்கிறார். அவர்களுக்கு ஏற்றபடி நாற்காலியைத் தள்ளிப் போட நான் இருக்கிறேன்.

தவறு செய்தவன் பேச்சையும் பொறுமையாகக் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. காற்றும் கடலும் உங்கள் பக்கம் நிற்கட்டும். வணக்கம்!