அடிக்கடி குளித்த கார்

மந்தாரக்குப்பத்திலிருந்து வடலூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு மெக்கானிக்கும், அவர் ஷெட்டில் காரை விட்டிருந்த நிலக்கரி மைன்ஸ் தொழிலாளி ஒருவரும் உதிரி பாகம் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"உங்க காரு குளிச்சுக் குளிச்சே வியாதிய வாங்கிக்கினுச்சுங்க" என்றார் மெக்கானிக். அதற்கு மேல் நான் எங்கே தூங்குவது?

"வழியில நின்னு நின்னு போவுதேன்னு டீசல் பம்பையே மாத்திட்டேனே!"

"பம்பு என்னா பண்ணும், பாவம். டீசல் பிரஷர அளவா வச்சிக்கிற ரெகுலேட்டர் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கரண்ட் போற பிளக்குல தண்ணி பூந்து பச்சை பூத்துக் கெடக்கு. வயர ஆட்டினா மீட்டர்ல கரண்ட் காட்டுது, வுட்டா போயிடுது. இன்ஜின் மேல பைப்ப வச்சு அடிச்சீங்களா?"

"ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் தெனம் அடிப்பேன்."

"இன்ஜின யாருங்க பாக்கப் போறாங்க?" என்று மெக்கானிக் சிரித்தார்.

மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொண்ணுக்கு வீசிங்குங்க. பானெட்டுக்குள்ள கரித்தூள் இருந்தா, ஏசி போட்டதும் அவ மூஞ்சிக்குத்தான் வருது. மூச்சு வாங்குச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியிலதான் தூக்கிக்கினு ஓடணும்."

மெக்கானிக்கின் சிரிப்பு அடங்கிவிட்டது. வடலூரில் இறங்கும்போது சொன்னார்.

"கழுவறத வுட்றாதீங்க. புது பிளக்கு மாட்டி, தண்ணி பூராத மாதிரி ரப்பர் போட்டு மூடிடறேன். மொதல்ல நானே பைப்ப வச்சு அடிச்சுப் பாத்துட்டுத்தான் வண்டிய குடுப்பேன்."