மேற்குச் சுவரில் கிடைத்த பல்

சுறாப் பல்லைச் சுத்தம் செய்யப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். பழைய டூத் பிரஷும் கொஞ்சம் பொறுமையும் போதும். முப்பது வருஷம் நான் அப்படித்தான் செய்தேன். ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். மே மாத லீவு விட்டதும் மலையிறங்கி அரியலூர்ப் பக்கம் போய்விடுவேன். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சுண்ணாம்புக்கல் குவாரிகளில் குனிந்து தேடினால் கல்லாகிப்போன மீன் பற்கள் இப்போதும் கிடைக்கும்.

உங்கள் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. எங்கள் பள்ளியின் அரியலூர்ப் பற்கள் இருநூற்றுப் பதினொன்றையும் மடகாஸ்கர் பற்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இரண்டு மட்டும் இந்தக் கரையின் பற்களாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று நான் கண்டெடுத்தது, இன்னொன்று ஓவிய ஆசிரியர் தேவசிகாமணி கண்டெடுத்தது என்று அட்டையில் இருக்கிறது. இரண்டையும் அவரே கொண்டுவந்து போட்டு என்னை ஏமாற்றியிருப்பாரோ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தீர்கள். அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இருக்கலாம் என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டிருந்தால் முடிந்தது. கார்டு வாங்கியும் வைத்தேன்.

தேவசிகாமணி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் கொண்டுவரும் பற்களைப் பத்து மடங்கு பெரிதாக்கி வரைந்து தருவார். லென்ஸை வைத்து முனைகளை எண்ணுவார். அவர் எண்ணிய பிறகு நான் எண்ணியதில்லை.

மடகாஸ்கரில் இருபது வருஷம் ஊழியம் செய்துவிட்டு ஓய்வுக்கு இங்கே வந்த பாதிரியார் ஒருவர், சாகும்போது ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் விட்டுப்போனார். அந்த ஊர்க் கரையில் பொறுக்கிய சுறாப் பற்கள். அவற்றில் நடுமுனைக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு சிறுமுனைகள் இருந்தன. அரியலூர்ப் பற்களில் பக்கத்துக்கு ஒன்றுதான். மற்றபடி அப்படியே ஒத்துப்போயின. இரண்டு கரையிலும் ஒரே மீன் நீந்தியது என்று நான் நம்பினேன். இரட்டைச் சிறுமுனையோடு இங்கே ஒரே ஒரு பல் கிடைத்தால் போதும். ஒன்பது லீவுகள் தேடினேன். கிடைக்கவில்லை. ரிட்டயராக நாலு வருஷம்தான் இருந்தது.

1982 மே மாதம் டின்னிலிருந்து ஒரு பல்லை எடுத்து, அரியலூர்ச் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவைத்தேன். கைவிடப்பட்ட ஒரு குவாரியின் மேற்குச் சுவரில் கிடைத்ததாக எழுதினேன். உண்மையான ஒரு விஷயத்துக்குச் சான்று மட்டும்தான் குறைகிறது, அதை நான் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தேவசிகாமணி அதை ஒரு வாரம் வரைந்தார். "நொம்ப அழகுங்க சார்" என்றார். கட்டுரை வெளிவந்தது. பள்ளியில் எனக்கு மாலை போட்டார்கள்.

1984இல் கல்கத்தாவிலிருந்து ஓர் அறிஞர் எழுதினார். ஒரு பல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இரண்டாவது எங்கே என்று கேட்டிருந்தார். நான் அந்தக் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டேன். தேவசிகாமணிதான் எடுத்துப் படித்தார்.

"ஏனுங்க சார், உங்களையவே சந்தேகப்படறாங்களா?"

"அவங்க அப்படித்தான் கேப்பாங்க. விடுங்க."

"விடறதுங்களா? இந்த லீவுக்கு நான் போறனுங்க. ஒண்ணு இருந்த எடத்துல இன்னொண்ணு இல்லாமயா போயிரும்?"

எனக்கு அப்போது முட்டுவலி. வரமுடியாது என்றேன். அவர் கேட்டதற்காக நோட்டில் குவாரியின் படம் போட்டு, மேற்குச் சுவரில் ஒரு குறி வைத்துக் கொடுத்தேன். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் சேலம் பஸ் ஏறும்போது, "எத்தனை ஆழத்துலீங்க சார்?" என்று கேட்டார். சுவரின் அடியில், ஒரு முழ ஆழத்தில் என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

மேற்குச் சுவரை நான் ஏன் எழுதினேன் என்பதை நீங்கள் கேட்கவில்லை. அது அடியில் குடைந்துபோய், மேலே பாறை நீட்டிக்கொண்டிருக்கும் சுவர். பக்கத்துக் குவாரியின் காவலாள் வெள்ளையன் என்னிடம், "அங்க மட்டும் போவாதீங்க சார், ரெண்டு ஆட்ட முழுங்கிடுச்சு" என்று சொல்லியிருந்தார். யாரும் போய்ச் சரிபார்க்கமாட்டார்கள் என்றுதான் அந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் தபாலாபீசுக்குப் போனேன். 'பல் இல்லை, திரும்பி வரவும்' என்று தந்தி பாரத்தில் எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் எங்கள் பழைய மாணவர். அவர் அதைப் படிப்பாரே என்று தோன்றியது. பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாலு ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சுவர் விழுந்தது அதற்கு மூன்றாம் நாள்.

உடலை எடுத்துவர நானே போனேன். அவருடைய பையும் பென்சில் டப்பாவும் என்னிடம் தந்தார்கள். டப்பாவில் பென்சில்கள் மட்டும்தான் இருந்தன. பள்ளிக்கு வந்து, டின்னைத் திறந்து, இன்னொரு பல்லை எடுத்துப் பென்சில் டப்பாவுக்குள் போட்டேன்.

அவர் மனைவி மரியசெல்வி அழுது ஓய்ந்திருந்தார். "அவரு தேடிப் போனது கெடைச்சுதுங்களா சார்?" என்று கேட்டார். டப்பாவைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அவரு போனது வீணாப் போவலைங்க" என்றார். "பள்ளிக்கூடத்துலயே அவரு பேரப் போட்டு வெச்சிருங்க."

அந்த அம்மாவின் ஆறுதலுக்காகத்தான் அதைச் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடக்கம் முடிந்த நாலாம் நாளே அந்தப் பல்லைப் படமெடுத்து, கண்டெடுத்தவர் தேவசிகாமணி என்று எழுதி, கல்கத்தாவுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இரண்டாவது பல் எனக்கும் தேவைப்பட்டது. அறிஞர் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். என்னை மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை, நீங்கள் கேட்கும்வரை.

இரண்டு கரையின் மீன்களும் வேறு வேறு இனம் என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதை மூன்று தடவை படித்தேன். நான் சான்று கொடுத்த அந்த விஷயமும் உண்மையில்லை.

இரண்டு பற்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தேவசிகாமணி யாரையும் ஏமாற்றவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் எழுதுங்கள். மரியசெல்வி வெள்ளக்கடைக் கிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தனுப்புகிறார். அவருக்கு மட்டும் இது தெரியவேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை.