காய்க்காத டிராகன் செடி

திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவில் என் எதிரே ஒரு பெண்ணும், கல்லூரியில் படிக்கும் அவளுடைய அக்கா மகளும்.

"அந்தச் செடிக்குத் தன்னையே ஆவாது, சித்தி."

"இன்னாடி சொல்ற? டிராகன் பழச் செடி பூவா பூத்துக் கொட்டுது, ஒரு காய் இல்ல."

"தன் மகரந்தம் விழுந்தா பூவோட ஜீன் அடையாளம் கண்டுபிடிச்சுத் தடுத்துடும்."

"அதான் பக்கத்து வூட்டுப் பூவுலேந்து எடுத்துத் தடவினேனே?"

"அந்தச் செடி ஏது?"

"நான்தான் துண்டு வெட்டிக் குடுத்தேன். பிளாக்கு முழுக்கக் குடுத்தேன்."

"வெட்டி வெச்சா அதே ஜீன்தான் வரும். அப்ப எல்லாம் ஒரே செடிதான்."

"தனித்தனி வூடு, தனித்தனி தொட்டி. எப்டிடி ஒண்ணாவும்? சரி, மாத்தூர்ல உங்கம்மா வூட்ல ஒண்ணு கீதே, அது?"

"உன் செடிய எங்கேந்து வெட்டிகினு வந்த?"

சித்தி விரல் விட்டு வீடுகளை எண்ணினாள்.

"அங்கேந்துதான். அப்ப இத்தினி வூட்டுக்கும் நான் குடுத்தது இன்னாடி?"