கடைசி வரிக்கு முன்

பேராசிரியர் தீட்மார் அவர்களுக்கு,

கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதிப்பது எங்கள் குடும்ப வழக்கம் அல்ல. இம்முறை தாமதித்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் குடுவை வெடித்து லுடோல்ஃபின் பார்வை போனபின், உங்கள் கடிதங்களை அவனுக்கு வாசித்தது அண்ணனான நான்தான். "தேவாலயத்துல பிரசங்கம் பண்ற மாதிரி படிக்காதண்ணே, தீட்மார் கிண்டலா எழுதியிருப்பான்" என்பான். எனக்குக் கிண்டல் வராது. ஆனால் ஒரு சொல்லையும் விட்டதில்லை.

அப்பா கண்டுபிடித்த தனிமம் எங்கள் குடும்பப் பெயரைத் தாங்கியது. அவர் கல்லறையிலும் அதைப் பொறித்திருக்கிறோம். அது தனிமமே அல்ல, இரண்டு பழைய உலோகங்களின் கலவைதான் என்று நீங்களும் தம்பியும் முடிவுக்கு வந்தீர்கள். அதைக் கட்டுரையாக அச்சில் ஏற்ற வேண்டும் என்றான் தம்பி.

"அப்பா பேரைச் சந்தி சிரிக்க வைக்காதடா."

"அப்பா இருந்தா அவரே எழுதியிருப்பாருண்ணே. நீ எழுதித் தரலைன்னா மாணவன் எவனையாவது கூப்பிட்டுக்கறேன்."

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. உள்ளே, மடித்த தாளில் வெள்ளைப் பொடி. புதுப்பொருள் எதுவானாலும் நாக்கில் வைத்து ருசியைக் குறிப்பது உங்கள் இருவருக்கும் பழக்கம். பார்வை போனபின் அவனுக்கு மிஞ்சியதும் அதுதான். இதை மட்டும் ருசி பார்க்காதே என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதற்கு முந்தைய வரியில் நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

விரலை நனைத்துப் பொடியைத் தொட்டான். நான் எதிரே அமர்ந்திருந்தேன். கையை எட்டிப் பிடித்திருக்கலாம்.

"இனிக்குதுண்ணே. குறிச்சுக்கோ."

குறித்துக்கொண்டேன். விளக்கேற்றும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிவரை என் கையைத்தான் பிடித்திருந்தான். பொட்டலம் மாறியிருக்கும், தீட்மார்மேல் கோபப்படாதே என்றான்.

அன்றிலிருந்து நான் வாயில் வைப்பதெல்லாம் இனிக்கிறது. ரொட்டி இனிக்கிறது. தண்ணீரும் இனிக்கிறது. சமையற்காரியைக் காரணமின்றி இரண்டு முறை கடிந்துகொண்டேன்.

உங்கள் எச்சரிக்கை வந்து சேர்ந்ததா என்று கேட்டிருந்தீர்கள். சேர்ந்தது. முத்திரை உடையாமல் வந்தது. அந்த வரி உள்ள கடிதத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். என் தம்பியைக் கொன்றது உங்கள் பொடி அல்ல, நான்தான்.

அந்தக் கட்டுரையை அவன் நினைவாக நீங்களே வெளியிடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வெளியிடுங்கள். அவன் பெயரையும் போடுங்கள். தடுக்க எனக்கு இனி வாயில்லை. முன்னுரையில் அவன் எப்படி இறந்தான் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு வரிதானே. குடும்பத்தின் பெயர் கெடக்கூடாது.

எபர்ஹார்ட் வெண்ட்லாண்ட்