தாயம்மா வயித்துப் பாடம்

…இன்னிக்கும் ஆபரேசன் இல்லியாம்! கேட்டியாம்மா இந்த அநியாயத்த? ராத்திரிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம குந்திக்கினு கீறேன். நர்சம்மா வந்து, "தாயம்மா, எந்திரிச்சி இட்லி துன்னு, தள்ளி வெச்சிட்டாங்க"ன்னு சொல்லிட்டு அது பாட்டுக்கு போவுது. மூணாவது வாட்டி! பித்தப்பையில ஒரு கல்லு, புளியங்கொட்ட அளவு. அத்த எடுக்க நாள் நட்சத்திரம் பாக்கணுமா?

உனுக்கு நேத்தே ஆபரேசன் முடிச்சி என் பக்கத்து பெட்டுல வுட்டாங்க, குடுத்து வெச்சவ. பேசாத, பேசாத, தையலு வலிக்கும். நான் சொல்றேன், நீ கேளு.

வாசல்ல கல்வெட்டு பாத்தியா? எந்தக் காலத்துலயோ எவனோ ஒரு தர்மப்பிரபு, ஏழைங்களுக்கு வைத்தியம், புள்ளைங்களுக்கு டாக்டர் படிப்புன்னு ரெண்டுத்துக்கும் சேத்து இந்த ஆஸ்பத்திரிய கட்னானாம். நல்லா இருக்கட்டும் மவராசன். ஆனா வைத்தியம் நொண்டிக்கினு வருது, படிப்பு மட்டும் காலைல டாண்ணு பெட்டாண்ட வந்து நிக்குது! என் வயிறு இன்னா பள்ளிக்கூடத்து போர்டா? ஒருத்தன் அமுக்குறான், ஒருத்தி தட்றா, "வலிக்குதா ஆயா"ங்குறாங்க. அந்த அமுக்கு அமுக்குனா வலிக்காம?

அங்க எம் பொண்ணு ஷீலாவுக்கு மாசம் நெறஞ்சி போச்சி. ஆத்தோரத்து குடிசைய இடிச்சி எங்கள தூக்கி ஊருக்கு வெளிய அடுக்குமாடில போட்டாங்க இல்ல, அந்த எட்டாவது மாடில தனியா கீது. புருசங்காரன் லாரில போய்க்கினு கீறான். நடுவுல வலி எடுத்தா யாரு எறக்கினு வருவா?

இன்னா? ஏன் தள்ளி வெச்சாங்கன்னா? அத்த ஏன் கேக்குற…

மொதல்ல மதுமதின்னு டாக்டருக்கு படிக்கிற பொண்ணு ஒன்னு வந்துச்சி. இன்னா துன்னே, எப்ப வலிச்சிதுன்னு அல்லாம் கேட்டுச்சி. உள்ளத சொன்னேன். பெரிய டாக்டரு வந்து, "இவ்ளோதானா? பேஷண்ட்ட கேக்கத் தெரியாதா?"ன்னு அத்தினி பேரு முன்னாடி வுட்டாரு பாரு டோஸு! கொயந்த கண்ணு கலங்கிப்போச்சி. எனுக்கு மனசு கேக்கல. மறுநாளு, "நடந்தா மூச்சு வாங்குது கண்ணு"ன்னு சும்மா ஒன்னு எடுத்து வுட்டேன். அத்த அது போய் ஒப்பிக்கவும் பெரிய டாக்டரு "குட்"டுன்னாரு! பொண்ணு மூஞ்சில பல்பு எரிஞ்சிது.

அப்பால வுடுவாங்களா? அத்தினி பசங்களும் என்னாண்டதான். ஒரு பையனுக்கு தலசுத்தல் குட்த்தேன். நேத்து இன்னொன்னுக்கு கால் மரமரப்பு. பிஸ்கோத்தும் டீயும் வாங்கினு வந்து, ஆயா ஆயான்னு சுத்தி நின்னாங்க. எம் பேச்ச இத்தினி பேரு எப்பம்மா காது குட்த்து கேட்டாங்க? வூட்ல வாயத் தொறந்தா "சும்மா கெட"ம்பாங்க.

மூச்சுக்கு நெஞ்சு டெஸ்ட்டு, தள்ளி வெச்சாங்க. தலசுத்தலுக்கு ஸ்கேனு, தள்ளி வெச்சாங்க. இப்ப நரம்பு டாக்டரு காலப் பாத்தாத்தான் மயக்க ஊசியாம். யான தன் தலைல தானே மண்ண வாரி போட்டுக்குமே, அந்தக் கததான்.

போதும்டா சாமி. முண்டகக்கண்ணி ஆத்தா மேல சத்தியம், இனிமே உண்மதான். ஷீலா காத்துக்கினு கீது. நீயே சாட்சி.

தோ வந்துட்டாங்க… யாரு, புச்சா கீது? வா கண்ணு, குந்து. மொத நாளா? ம்… ஆமா, சோறு துன்னா வலி. மூச்சுல்லாம் வாங்கல. தலையும் சுத்தல, காலும் மரக்கல. அதல்லாம் பொய்யி. கல்லு மட்டுந்தான். வேற ஒன்னும் இல்ல.

ஏன் மூஞ்சி வாடிப்போச்சி? பெரிய டாக்டரு திட்டுவாரா?

அய்ய, அழுவாத கண்ணு. அழுதா எங்க ஷீலா மாரியே கீற. சரி சரி, எழுதிக்கோ. காதுல ஙொய்னு ஒரு சத்தம்…

யம்மா, பக்கத்து பெட்டு! தையலோட எங்க எந்திரிச்சி போற? நர்சம்மாவாண்டயா? அல்லாத்தையும் சொல்லப் போறியா?

…சொல்லு. சொல்லிடு தாயி, உனுக்குப் புண்ணியமா போவும். மெதுவா நடந்து போ. இந்தப் பொண்ணு எழுதி முடிச்சிடட்டும்.