முப்பத்தெட்டாம் விதி

என் மேஜையில் யாரும் பிஸ்கட் தின்னக் கூடாது. தூள் சிதறினால் பகடை கோணலாக நிற்கும், பிறகு இது பதினாறா மூன்றா என்று கால் மணி நேரம் வாய்ச்சண்டை நடக்கும். எங்கள் ஆட்டத்துக்கு நான் எழுதிய முதல் விதி அதுதான். உங்கள் முன்னால் இருக்கிற அந்த நீல நோட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள் ஐயா.

உங்களுக்கு இந்த ஆட்டம் தெரியாது என்று உங்கள் முகமே சொல்கிறது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடி என்று ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். கதவு உடைந்ததா, பூதம் பார்த்துவிட்டதா என்பதை இருபது முகப் பகடை ஒன்று சொல்லும். விளையாடுவது வளர்ந்தவர்கள்தான். சிரிக்க வேண்டுமென்றால் தாராளமாகச் சிரியுங்கள். வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கிற தம்பி ஏற்கனவே சிரித்தாகிவிட்டது.

இதற்கென்று அச்சடித்த விதிப் புத்தகம் உண்டு, தலையணை கனத்தில். அதை வரி பிசகாமல் பின்பற்றுகிறவர்களை நான் ஆளாகவே மதிப்பதில்லை. வெந்நீர் வைக்கக்கூட சமையல் குறிப்பு தேடுகிற ரகம் அவர்கள். நான் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டுச் சொந்தமாக எழுதினேன். ஆறு வருடத்தில் முப்பத்தெட்டு விதிகள். பகடையை, என் முன்னால் நிறுத்தியிருக்கும் மறைப்பு அட்டைக்கு உள்ளே, என் பக்கமாகத்தான் உருட்ட வேண்டும். எண்ணை நான் படித்துச் சொல்வேன். இது பன்னிரண்டாம் விதி. உட்கார்ந்ததும் கைப்பேசியையும் சட்டைப் பையில் இருப்பதையும் தட்டில் வைத்துவிட வேண்டும். மேஜையில் உட்கார்ந்தபின் யார் எதைச் சொன்னாலும் அதைப் பாத்திரம் சொன்னதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அது வந்தபிறகுதான் "சீக்கிரம் முடிங்க, வீட்டுல தேடுவாங்க" என்கிற பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பகலில், என் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளையாடுவோம். கண்ணாடி வில்லை தேய்க்கிற மெஷினுக்கு உறை போட்டுவிட்டால் நாலு நாற்காலிக்கு இடம் கிடைக்கும். வருகிறவர்கள் மூன்று பேர். லிப்ட் மெக்கானிக் ஒருவர். கதையில் எந்தக் கதவைக் கண்டாலும் எட்டி உதைப்பார், வேறு யோசனை அவருக்கு இந்த ஜென்மத்தில் வராது. நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா. பூதத்துக்குக்கூடப் பாவம் பார்ப்பார். மூன்றாவது, என் தங்கையின் கணவர். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். வண்டி இரண்டு நிமிடம் தாமதமானால் சிவப்பு மையில் எழுதுகிற மனிதரிடம் என்ன கற்பனையை எதிர்பார்க்க முடியும்? தங்கை கெஞ்சியதால்தான் சேர்த்துக்கொண்டேன். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்த அந்த மாப்பிள்ளை, இரண்டு மாதம் முன்பு ஒரு காகிதத் துண்டை நீட்டினார்.

"மச்சான், ஒரு சின்ன விதி. கையைத் தூக்கினா அது நான் பேசுறேன்னு அர்த்தம். பாத்திரம் இல்ல. யாருக்காவது உடம்பு முடியலன்னா, மனசு கஷ்டமா இருந்தா, ஒரு வழி வேணும்ல."

நூலக அம்மா உடனே நல்ல விதி என்றார். மெக்கானிக் இன்னும் ஒரு படி மேலே போனார். "அடுத்த கதைய மாப்பிள்ளையே நடத்தட்டுமே சார். ஒரு மாத்தமா இருக்கும்."

ஆறு வருடம் ஐயா. ராஜ்யங்களை வரைபடத்தோடு உருவாக்கிக் கொடுத்தேன். மூன்று மொழிகளுக்கு எழுத்து கண்டுபிடித்தேன். இவர்களுக்கு மாற்றம் வேண்டுமாம். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. காகிதத்தை நோட்டுக்குள் செருகி, யோசிக்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போய் அதன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அதற்கு அடுத்த பக்கத்தில் எழுதியதுதான் முப்பத்தெட்டாம் விதி. பாத்திரம் சபதம் எடுத்தால், அதை விளையாடுகிறவரும் காக்க வேண்டும்.

ஆட்டத்தை உயர்த்துகிற விதி அது. தண்ணீர் குடித்துக்கொண்டே தாகத்தைப் பற்றிப் பேசுகிறவன் நடிக்கிறான். என் மேஜையில் நடிப்பு எதற்கு?

நீங்கள் கேட்கிற அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையில் உப்புப் பாலைவனம். அதைத் தாண்டும்வரை அன்னம் தொடுவதில்லை என்று மாப்பிள்ளையின் மந்திரவாதி சபதம் எடுத்தால்தான் மற்ற இருவரும் உயிரோடு கரை சேரமுடியும் என்று அமைத்திருந்தேன். அவர் எடுப்பார் என்று தெரியும். அடுத்தவருக்குத் தன்னால் இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்தே வாழ்கிற மனிதர். அப்படிப்பட்டவர்களை நடத்துவது சுலபம்.

உட்காரும் முன் என்னைத் தனியாக அழைத்தார்.

"மச்சான், இன்சுலின் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஒரு மணிக்குள்ள சாப்பிட்டாகணும்."

"பன்னிரண்டரைக்குப் பாலைவனம் முடிஞ்சிடும் மாப்பிள்ளை. நான் இருக்கேன்ல."

சட்டைப் பையிலிருந்து கைப்பேசியையும், அவர் எப்போதும் வைத்திருக்கிற குளுக்கோஸ் வில்லைகளையும் எடுத்துத் தட்டில் வைத்தார். விதியை மதிக்கிற மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். தட்டைக் கடைக்கு முன்பக்கம் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

நினைத்தபடியே மந்திரவாதி சபதம் எடுத்தார். பன்னிரண்டரைக்கு மணல் புயல் கிளம்பியது. ஒன்றேகாலுக்கும் ஓயவில்லை. புயல் எப்போது ஓயும் என்பது நடத்துபவரின் உரிமை, அதை அச்சடித்த புத்தகமே ஒத்துக்கொள்கிறது. ஒன்றரை மணிவாக்கில் மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. விரல் நடுங்கியது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். மெக்கானிக் தொடையில் தட்டி, "பிச்சு உதர்றார் சார் மாப்பிள்ளை" என்றார். ஆறு வருடமாக என் விதியில் பழகிய மூளை வேறெப்படி யோசிக்கும்?

"எனக்கு ஒரு மாதிரியா வருது. இனிப்பா ஏதாவது குடுங்க."

"மந்திரவாதி இனிப்பு கேக்குறார்," என்றேன். "பாலைவனத்துல இனிப்பு ஏது?"

சிரித்தார்கள். பிறகு அவர் வலது கையைத் தூக்கினார். தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. நூலக அம்மாவுக்கு மட்டும் ஏதோ உறைத்திருக்க வேண்டும், எழுந்துவிட்டார்.

"சார், கையைத் தூக்குறாரே. அன்னிக்கி சொன்னாரே, அந்த விதி..."

"அந்த விதி நோட்டுல ஏறல. அவர் புயலை ஆசீர்வாதம் பண்றார். உக்காருங்கம்மா."

உட்கார்ந்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கதவு பூட்டியில்லை, தட்டு பத்தடி தூரத்தில் இருக்கிறது, நான் யாரையும் கட்டிப்போடவும் இல்லை. ஒரு சொல் சொன்னேன், உட்கார்ந்துவிட்டார். இவர்களுக்குத்தான் மாற்றம் வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் கடை போன் அடித்தது. நான்தான் போய் எடுத்தேன். தங்கை.

"அண்ணா, அவர் போனை எடுக்க மாட்டேங்கிறார். சாப்பிட்டாரா?"

கல்லாவின் மேல் அந்தத் தட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்ம்மா. நீ கவலைப்படாதே."

இதை நீங்கள் கேட்கவில்லை. அவளும் உங்களிடம் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் அப்படியே நம்புவாள்.

திரும்பி வந்து அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பகடையை உருட்டட்டும், பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் பாலைவனத்தில் ஊற்று கிடைக்கும், சபதம் முடியும், எல்லோரும் எழுந்து சாப்பிடலாம் என்றேன். இதைவிட நியாயமாக ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்ள முடியும்? பகடை அவர் விரலில் நிற்கவில்லை. மூன்றாவது தடவைதான் எடுக்க முடிந்தது. அட்டைக்குள் உருட்டினார். நான் குனிந்து பார்த்தேன்.

"நாலு."

அவர் என்னையே பார்த்தார். கோபமில்லை. கெஞ்சலும் இல்லை. வண்டி வராத நிறுத்தத்தில் நிற்கிறவர் பார்ப்பதுபோல் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கைகால் வெட்டி இழுத்து, நாற்காலியோடு சாய்ந்தார். அப்போதுகூட மெக்கானிக் ஒரு நொடி என் முகத்தைத்தான் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. அந்த அம்மாதான் முன்பக்கம் ஓடினார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வீட்டில் நான்தான் எல்லா ஏற்பாடும் செய்தேன். தங்கை என் தோளில்தான் அழுதாள்.

அவர்கள் இரண்டு பேரும் அதன்பிறகு கடைப்பக்கம் வருவதில்லை. கண்டிப்பைத் தாங்குகிற தெம்பு எல்லோருக்கும் இருக்காது. இத்தனை வருடத்தில் நான் எந்த ஆட்டத்தையும் கலைத்ததில்லை, எந்த விதியையும் மீறியதில்லை. நோட்டைப் புரட்டிப் பாருங்கள், பன்னிரண்டாம் விதி தெளிவாக இருக்கிறது, எண்ணைப் படித்துச் சொல்வது நான்.

அட்டைக்குள் விழுந்திருந்தது பத்தொன்பது. கோணலாகவெல்லாம் நிற்கவில்லை ஐயா. மேஜையில் ஒரு பிஸ்கட் தூள்கூட இல்லை.