பைரவிக்கு ஒரு தனி வண்டி

இரட்டைப் பிள்ளைகளுக்கு வண்டி வாங்குவதென்றால், இரண்டு இருக்கையும் பக்கம்பக்கமாக இருப்பதை வாங்கக்கூடாது. மாத்தளையில் பாதிக் கடை வாசல்களுக்குள் அது நுழையாது. பஸ்ஸில் ஏற்ற முடியாது. இங்கே திருகோணமலை வீதியில் தள்ளிக்கொண்டு போனால் எதிரே வருகிறவர்கள் நடைபாதையை விட்டு இறங்கித்தான் நடக்க வேண்டும். இதையெல்லாம் நான் கடையில் வைத்தே சொன்னேன். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. நீங்கள் எழுதும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறவர் என்று உங்களைப் பற்றிப் பங்குச் சாமியார்தான் சொன்னார். கண்டியிலிருந்து வெயிலில் வந்திருக்கிறீர்கள். முதலில் தேத்தண்ணீரைக் குடியுங்கள்.

என் பெயர் மார்ஜரி. அப்பா வின்சன்ட் எல்கடுவையில் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சராக, மருந்து கொடுக்கிறவராக இருந்தவர். பென்சன் எடுத்த பிறகு டவுனுக்கு வந்து இந்த வீட்டைக் கட்டினார். நான் கலியாணம் செய்யவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. வந்த இடங்கள் சரிவரவில்லை, பிறகு வருவதும் நின்றுபோனது. அப்பா அம்மா இருவரும் போன பிறகு இந்த வீட்டில் சத்தமே இல்லாமல் இருந்தது. அதனால்தான் மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்தேன்.

வந்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு யட்டவத்தையில் அரசாங்க வேலை. நான் ஸ்ரீ தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மனைவி சந்திரவதனா. நல்ல பிள்ளைகள். மேலே இருந்து ஒரு சத்தம் வராது. வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலுக்குப் போனால் திரும்பி வரும்போது எனக்கும் பூ கொண்டுவருவார்கள், நான் வேதக்காரி, மாதா கோவிலுக்குப் போகிறவள் என்று தெரிந்தும்.

2006 கடைசியில் வதனாவுக்குப் பிள்ளை பிறந்தது. பெற்ற தாய் ஊரிலிருந்து வந்து பார்ப்பதாக இருந்தது. சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துப் பாதையைப் பூட்டிவிட்டார்கள், அந்த அம்மாவால் வர முடியவில்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் நான்தான் நின்றேன். இரண்டும் பெண். மூத்தது சாம்பவி, இளையது பைரவி. பைரவி நிறை குறைவு. தாதி அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தபோது வதனாவின் கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதனால் என்னிடம் தந்தாள். நான் கேட்டு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அப்படியே ஒரு வழக்கமாகிவிட்டது. சாம்பவி தாயோடு, பைரவி என்னோடு. பால் கொடுக்க மட்டும் மேலே கொண்டுபோவேன். பகலில் என் கட்டிலில்தான் தூங்குவாள். பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரை நடப்போம். தெரியாத யாராவது என்னைப் பார்த்து, "ஒங்க பேத்தியா?" என்று கேட்பார்கள். ஒரு நாள் பஸ் நிலையத்தில் ஒரு சிங்கள அம்மா சிங்களத்தில், "உங்கள் மகளா?" என்றே கேட்டுவிட்டார். நான் சிரித்தேன். சிரிப்பது பொய் சொன்னதாகாது.

வீட்டில் யாரும் இல்லாதபோது அவளை ரோசலின் என்று கூப்பிடுவேன். குசினியில் அடுப்படியில் வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, எனக்குத் தெரிந்த செபத்தைச் சொல்லி ஞானஸ்நானமும் கொடுத்தேன். வதனாவுக்கு அது தெரியாது. அதனால் அவளுக்கு என்ன குறைந்துபோனது? அவளிடம்தான் இன்னொன்று இருந்ததே.

பிள்ளைகள் நிறை வைக்கத் தொடங்கினார்கள். எனக்குத் தோள் நோவு. ஒரு நாள் நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததை ஸ்ரீ தம்பி பார்த்துவிட்டார்.

"அக்கா, நீங்கள் எங்களுக்காண்டி நல்லாக் கஷ்டப்படுறியள். நாங்கள் ரெட்டை வண்டில் ஒண்டு வாங்கப்போறம். பிறகு வதனா தனியத் தள்ளிக்கொண்டு போவாள். நீங்கள் ஆறுதலா இருக்கலாம்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். தனிய என்ற சொல்லையும் அன்பாகத்தான் சொன்னார்.

கண்டிக்குப் போனோம். கடையில் பாறூக் என்றொருவர் நின்றார், பொறுமையான மனிதர். எல்லாவற்றையும் இழுத்துவந்து விரித்துக் காட்டினார். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இருக்கை வைத்தது ஒன்று. பக்கம்பக்கமாக வைத்தது ஒன்று, கடும் நீலம், மேலே வெயில் மறைப்பு, கீழே பெரிய கூடை. முன் சில்லு எந்தப் பக்கமும் திரும்பும். நான் சுவரோரம் நின்ற ஒற்றை வண்டிகளைக் காட்டினேன். அதில் இரண்டு எடுப்போம் என்றேன். வாசல், பஸ், நடைபாதை என்று உங்களிடம் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளை மட்டும் கொண்டுபோகலாம் என்றும் சொன்னேன்.

"மிஸ் சொல்றதும் சரிதான். தனித்தனியா எடுத்தா ஆளுக்கொன்னு தள்ளலாமே" என்றார் பாறூக்.

ஸ்ரீ தம்பியும் தலையாட்டினார். வதனா யோசித்தாள். பிறகு, சும்மா வைத்துப் பார்ப்போம் என்று இரண்டு பேரையும் அந்த நீல வண்டியில் இருத்தினாள். என் கையிலிருந்து பைரவியை எடுத்துத்தான் இருத்தினாள். பைரவி கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தாள். பிறகு பக்கத்தில் திரும்பிச் சாம்பவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. பிள்ளைகளே முடிவெடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் நானும் கூடவே போனேன். வதனா வண்டியைத் தள்ளினாள். கோவில் பக்கம் வாழைப்பழம் விற்கிற ராசம்மா என்னைப் பார்த்து, "இன்னைக்கி கைய வீசிக்கிட்டு வாறீங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு வழியில் சந்தித்தவர்கள் எல்லோரும் வதனாவிடம்தான் நின்று பேசினார்கள். ரெட்டையா, எது மூத்தது, எப்படி ரெண்டையும் சமாளிக்கிறீங்க என்று. அவளும் பதில் சொன்னாள். அந்தப் பதில்களில் நான் இல்லை. அவள் வேண்டுமென்று என்னை விட்டுவிடவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். கேட்டவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.

பிறகு நான் போவதை நிறுத்திவிட்டேன். யன்னலில் நின்று பார்ப்பேன். முன்பு என் கட்டிலில் தூங்கினவள் இப்போது சாம்பவியின் பக்கத்தில் போட்டால்தான் தூங்கினாள். கீழே கொண்டுவந்தால் படிக்கட்டைப் பார்த்து அழுவாள். ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளை, இன்னொரு பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்றால் அது கடவுளின் கணக்கு, நான் அதில் தலையிடமாட்டேன். ஆனால் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுப்பது கடவுள் செய்ததல்ல. வதனா செய்தது.

அந்தக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வடக்கிலிருந்து வந்த ஆட்களை வீட்டில் வைத்திருந்தால் பொலிசில் பதிய வேண்டும். இடைக்கிடை வந்து பார்ப்பார்கள். 2007இல் ஒரு காலை, சந்தியில் இருந்த காவலரணிலிருந்து சார்ஜன்ட் ஒருவர் வந்தார். ஸ்ரீ தம்பி வேலைக்குப் போயிருந்தார். வதனா பிள்ளைகளோடு கிளினிக்குக்குப் போயிருந்தாள். சார்ஜன்ட் இந்தக் கதிரையில், நீங்கள் இருக்கிற இடத்தில்தான் இருந்தார். புதிதாக யாராவது வருகிறார்களா என்று கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். வவுனியாப் பக்கத்திலிருந்து இரண்டு இளம் பையன்கள் வந்து தங்கிவிட்டுப் போனார்கள் என்றேன். பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வண்டி வாங்கியிருக்கிறார்கள், அதன் கீழ்க் கூடையில் ஏதோ பார்சல் வைத்துத்தான் தினமும் பஸ் நிலையப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார்கள், என்ன பார்சல் என்று எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை ஜீப்பில் வந்தார்கள். ஸ்ரீ தம்பி முற்றத்தில் குந்திக்கொண்டு வண்டிச் சில்லுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி ஒரு பக்கமாக நிறுத்தினார்கள். முதலில் வண்டியைத்தான் பார்த்தார்கள். கூடையைக் கழற்றினார்கள். பிறகு கத்தியால் இரண்டு இருக்கையையும் கிழித்து உள்ளே இருந்த பஞ்சை எல்லாம் வெளியே எடுத்துப்போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. என்றாலும் அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்த்து, வதனாவைக் காட்டி, "அக்கா, இவளைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தச் சொல்லை நான் காப்பாற்றியிருக்கிறேன்.

வண்டி இனி உதவாது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. எனக்கு மனதில் ஒரு பாரம் இறங்கினது போலிருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு வதனா அலைந்தாள். பொலிஸ், ஆமி முகாம், அரசாங்கக் கந்தோர், மறுபடி முகாம். பஸ்ஸில் இரண்டு பிள்ளையோடு போக முடியுமா? சாம்பவியைக் கொண்டுபோனாள், பைரவியை என்னிடம் விட்டாள். முதல் நாள் பைரவி தேடினாள். பிறகு பழகிவிட்டாள். மறுபடியும் என் கட்டிலில் தூங்கினாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே ஒரு நல்ல செய்தியோடு வதனா ஓடிவந்தாள். முகாமில் இருந்த அதிகாரி ஒருவர் இரக்கப்பட்டு ஒரு வழி சொல்லியிருக்கிறார். தங்கினதாகச் சொல்கிற அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் சந்தேகம். அப்படி யாரும் வரவில்லை என்று வீட்டுக்காரியே நேரில் வந்து சொன்னால் விட்டுவிடுவார்கள். முதலில் சொன்னது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அக்கா, நீங்கள் ஒரு சொல் சொன்னாக் காணும், அவரை விட்டிடுவாங்கள்" என்றாள். என் காலைப் பிடிக்கக் குனிந்தாள். நான் தடுத்துவிட்டேன்.

போனேன். பைரவியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனேன். வதனாவை வெளியே மரத்தடியில் நிற்கச் சொல்லி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையானவர், கதிரை தந்தார். அம்மா, அன்றைக்குச் சொன்னது பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, உங்களை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள், அப்படி இரண்டு பேர் வந்தார்களா என்று கேட்டார். பைரவி என் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீ தம்பி வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். வேறொரு வண்டி வாங்குவார். அவர் அப்படித்தான், ஒன்று நினைத்தால் செய்து முடிப்பார்.

வந்தார்கள் என்றேன். நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன்.

யாரும் வரவில்லை. பையன்களும் இல்லை, பார்சலும் இல்லை. அந்தக் கூடையில் பிள்ளைகளைத் துடைக்கிற துவாயும் பால் போத்தலும்தான் இருந்தன. இதை இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன்.

வெளியே வந்தபோது வதனா என் முகத்தையே பார்த்தாள். "சொல்லிட்டேன் வதனா" என்றேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டு நாளில் ஸ்ரீ தம்பியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். எந்த இடம் என்று கேட்டால், அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் யாருமில்லை. நான் அவ்வளவு தூரம் நினைக்கவில்லை. சில வருடம் உள்ளே வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பைரவி வளர்ந்துவிடுவாள் என்று.

வதனா வேறெங்கும் போகவில்லை, இங்கேயேதான் இருந்தாள். பல்லேபொலவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள். சாம்பவியைக் கூடவே கொண்டுபோவாள். பைரவியை நான் வளர்த்தேன். பேச்சு வந்தபோது அவள் முதலில் என்னைத்தான் அம்மா என்றாள். வதனா கேட்டுக்கொண்டு நின்றாள், கோபிக்கவில்லை. "அக்கா இல்லாட்டி நாங்கள் எப்பவோ செத்திருப்பம்" என்று ஆட்களிடம் சொல்லுவாள். நானும் அவளுக்கு ஒரு குறை வைத்ததில்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஸ்ரீ தம்பிக்காக மெழுகுதிரி ஏற்றினேன். இந்த வருடம் சண்டை முடிந்தபோது, இனி விடுவார்கள் என்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். பங்குச் சாமியார் இது மனச்சாட்சி என்று நினைக்கிறார். நினைக்கட்டும்.

வதனாவின் தம்பி கனடாவில் இருக்கிறார். விசா எல்லாம் சரிவந்துவிட்டது, அடுத்த மாதம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறாள். போன கிழமை படியிறங்கி வந்து, இரண்டு கையாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள். பைரவிக்குக் குளிருக்கென்று ஒரு மேற்சட்டையும் வாங்கியிருக்கிறாள், சாம்பவிக்கு வாங்கினதைப் போலவே.

அதனால்தான் சாமியாரிடம் சொல்லி உங்களைக் கூப்பிட்டேன். நான் சொன்னது இப்போது உங்களிடம் இருக்கிறது. இனி வழக்கு என்று ஒன்று தொடங்கும்தானே? புருஷனைப் பறிகொடுத்தவள் சாட்சி சொல்லாமல் எப்படி நாட்டை விட்டுப் போவாள்? போக விடமாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். வருடக்கணக்காக இழுபடும் என்றும் சொல்கிறார்கள். என்னை உள்ளே போட்டாலும் முதலில் பிணையில் விடுவார்களாம். எனக்கு வயதும் போய்விட்டது, பிரஷரும் இருக்கிறது.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். விசாரணை நாட்களில் வதனா இரண்டு பிள்ளைகளோடும் கோர்ட்டில் அலைய வேண்டாம். சாம்பவியை அவள் கொண்டுபோகட்டும், பைரவியை என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அவள் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். நான் கேட்டு இதுவரை எதையும் மறுத்தவள் இல்லை.